தலைக்கட்டு இல்லாத வீடுகள்

அஞ்சலை என்று ஒரு பெண். எங்கள் அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் அவள் இல்லை. எண்ணிக்கை ஆய்வையும் பேசிக் கேட்கும் ஆய்வையும் எப்படி ஒன்றாகச் செய்வது என்று அனுபவத்திலிருந்து எழுதித் தரும்படி, சுகாதார ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். கட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து அதை விளக்கும் புத்தகங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. சிலவற்றை நானும் படித்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழி அஞ்சலையைப் பற்றிச் சொல்வதுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்தேன். மருத்துவம் படித்த ஒருவரையும் சமூகவியல் படித்த ஒருவரையும் ஒரே வேலையில் பூட்டிக் களத்தில் பழக்குவது என் பொறுப்பு. ஒருவர் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போய் எண்ணுவார். மற்றவர் உட்கார்ந்து பேச்சைக் கேட்பார். பிறகு இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். காகிதத்தில் இது அழகாகத்தான் இருக்கும். களத்திலோ எண்ணுகிறவர், கேட்கிறவரை வம்பளக்க வந்தவர் என்று நினைப்பார். கேட்கிறவர், எண்ணுகிறவரை மாட்டுக் கணக்கு எடுக்க வந்தவர் என்று நினைப்பார். நீங்களும் சாப்பாட்டு நேரத்தில் தனித்தனி மேஜைகளில்தான் உட்காருகிறீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த முறை என்னோடு பழவேற்காட்டுக்கு வந்தவர்கள் மோகனும் கற்பகமும். மோகன் திருச்சிப் பக்கத்து டாக்டர். அவன் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவன் போடும் அட்டவணையில் ஒரு அடித்தல் இருக்காது. கற்பகம் தஞ்சாவூர்க்காரி. யாரிடமும் ஐந்து நிமிடத்தில் சம்பந்தி போலப் பேசத் தொடங்கிவிடுவாள். நாங்கள் டவுனில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டு மாடியில் தங்கி, தினமும் படகில் ஏரிக்குள் போய் வந்தோம்.

எங்களுக்குக் கொடுத்த கேள்வி எளிமையானது. ஏரி ஊர்களுக்குக் காசநோய் ஊசியும் மாத்திரையும் கொண்டுபோக ஒரே ஒரு படகு, அதில் ஒரே ஒரு நர்ஸ். அன்றைக்கு அந்த நோய்க்கான மருந்தை ஒரு வருடத்துக்கும் மேல் விடாமல் எடுக்க வேண்டும். படகு அப்போது ஒரு தீவு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. பசியாவரம் என்ற ஊரைத் தாண்டிப் போக வேண்டும் என்பதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி அடையாளம் சொல்லமாட்டேன். இப்படிப்பட்ட ஊரின் பெயரை நீங்களும் அச்சில் ஏற்றாதீர்கள். ஏரியின் வடகோடியிலிருந்த இன்னொரு ஊரும் படகைக் கேட்டது. நோய் எங்கே அதிகமோ அங்கே படகு போகும். மழைக்காலத்துக்கு முன் மாவட்ட அதிகாரி முடிவு செய்தாக வேண்டும். நாங்கள் எண்ணித் தர வேண்டும்.

தீவு ஊரில் எங்களுக்கு வழிகாட்டியவர் ஊர்ப் பஞ்சாயத்துக்காரர் தேசப்பன். ஐம்பதை ஒட்டிய வயது, அகலமான தோள், வாயில் எப்போதும் சுருட்டு. மனதில் பட்டதை நேராகச் சொல்லிவிடுகிற மனிதர். அவர் முன்னால் நடக்க, மோகன் சாக்பீஸோடு பின்னால் போய், அவர் காட்டிய ஒவ்வொரு வீட்டின் கதவு நிலையிலும் ஒரு எண் எழுதினான். முதல் எண் தெருவின் நடுவிலிருந்த தேசப்பன் வீட்டுக்கு. அவர் மனைவி கன்னியம்மா வாசலில் நின்று சிரித்தாள்.

“நல்லா பெருசா போடு டாக்டரு. எங்க வூடுதான் மொதல் வூடுனு ஊருக்குத் தெரியட்டும்.”

எண் போட்ட வீடுகளில் மோகன் கேள்வி கேட்டான். விடாத இருமல் உண்டா, சளியில் ரத்தம் உண்டா, உடம்பு இளைக்கிறதா. உண்டு என்றவர்களுக்குச் சளி எடுக்க ஒரு சின்னக் குப்பி கொடுத்தான். தேசப்பனிடமும் கேட்டான். “இருமலா? எனக்கா? இது சுருட்டுக் கமறல்பா, எங்க நைனாவுக்கும் இருந்துச்சு” என்று அவர் சிரித்தபடியே இருமினார். சொன்ன பதிலைத்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. மோகன் ‘இல்லை’ என்று எழுதினான்.

கற்பகம் தெருவில் தங்கவில்லை. அந்த ஊரின் சில பெண்கள் காலையிலேயே ஏரியின் ஆழமில்லாத பக்கத்துக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததை இடுப்பில் கட்டியிருக்கும் ஓலைக் கூடையில் போடுவார்கள். கற்பகம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களோடு இறங்கிவிட்டாள். அங்கேதான் அஞ்சலையைச் சந்தித்தாள். மெலிந்த பெண், ஆறேழு வயதில் ஒரு மகள். புருஷன் முந்தைய மழைக்கு முன் இறந்துபோனான்.

“ரத்தமா கக்கிட்டு பூட்டாரும்மா. அப்பால எனக்கும் அதே இருமல். இந்த ஊசி போட்ட அப்பாலதான் கொஞ்சம் தேவல. படகு நின்னுட்டா நான் ஒவ்வொரு ஊசிக்கும் டவுனுக்குப் போவணும். போற நாள்ல எறா இல்ல. எறா இல்லாத நாள்ல புள்ளைக்கு சோறு இல்ல. நான் இன்னா பண்றது சொல்லு?”

நர்ஸின் படகு ஊர்த்துறைக்கு வருமுன், தள்ளியிருந்த சவுக்குத் தோப்புப் பக்கம் காத்திருந்து யார் கண்ணிலும் படாமல் ஊசி போட்டுக்கொள்வாள். இந்த நோய் இருக்கிறது என்று தெரிந்தால் இறால் வாங்குகிறவர்கள் அவள் கூடையைத் தொடமாட்டார்கள் என்ற பயம். கற்பகம் இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து பக்கம் பக்கமாக எழுதினாள்.

இரண்டு ஊரையும் எண்ணி மோகனின் அட்டவணை முடிந்தது. தீவு ஊரில் நோய் குறைவு, வடகோடி ஊரில் அதிகம். படகை மாற்றலாம் என்று கீழே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். அன்று மாலை மாடியில் இருவருக்கும் சண்டை பிடித்துக்கொண்டது.

“படகு போயிட்டா அஞ்சலை செத்துப்போவா” என்றாள் கற்பகம்.

“ஒரு ஆளோட கதையைக் கேட்டுட்டு ஒரு ஊருக்குப் படகு விட முடியாது. அந்த ஊர்ல எத்தனை அஞ்சலை இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“உன் கட்டத்துல ஒரு அஞ்சலைகூட இல்லையே, அது ஏன்னு உனக்குத் தெரியுமா?”

அந்தக் கேள்வியில் அப்போதே நின்று யோசித்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். ஆனால் கோபத்தில் கேட்ட கேள்வியை யாரும் கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை. மோகன் அதைக் குத்தலாக எடுத்துக்கொண்டான். அவள் பெட்டியைக் கட்டி, காலையில் பொன்னேரிக்குப் போய் ரயில் ஏறுவேன் என்றாள். சாப்பாடு கொண்டுவந்த வீட்டுக்காரம்மா இரண்டு முகத்தையும் பார்த்தார். “சோத்து முன்னால இப்படி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினா பரக்கத் இருக்காது, வூட்ல எதுவும் தங்காது புள்ளைங்களா” என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

எனக்கு இருவர் மேலும் எரிச்சல். அவன் எண்ணியது தப்பில்லை, அவள் கேட்டதும் பொய்யில்லை. ஆனால் இரண்டும் ஒரே ஊராக இருக்க வழியில்லை. இப்படி இரண்டு ஆய்வும் முட்டிக்கொண்டு நிற்கும்போது யார் பக்கம் சாய்வது என்று பார்க்காதீர்கள். முட்டிக்கொண்ட இடத்தில்தான் உங்களுக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது. மறுநாளைக்கு வேலையை மாற்றிப் போட்டேன். கற்பகம் படகிலேயே உட்கார்ந்து அட்டவணையை வரி வரியாகப் படிக்க வேண்டும். மோகன் தண்ணீரில் இறங்க வேண்டும். இருவரும் என்னை முறைத்தார்கள். முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மோகன் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் கால் வைத்த அழகைப் பார்த்து இறால் பிடித்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

“இன்னா டாக்டரு, ஊசியத் தண்ணில போட்டுட்டியா? நாங்க வேணா தடவிக் குடுக்கட்டுமா?”

அவனும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அவனிடம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அஞ்சலையிடம், தன் தாளில் அவளைத் தேடிப் பிடிக்கும் எண்ணத்தில், அவள் வீட்டுக் கதவில் என்ன எண் என்று கேட்டான்.

“எங்க வூட்டுக்கு ஏது சார் நம்பரு? அவரு பூட்ட அப்பால நாங்க தலைக்கட்டு இல்லியே.”

அதே நேரத்தில் படகில் கற்பகம் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். வீட்டுத் தலைவர் ஆணா, பெண்ணா என்று ஒரு கேள்வி உண்டு. பெண் என்ற இடத்தில் சுழி. “மேடம், ஏரியிலயும் கடல்லயும் தொழில் பண்ற ஊர். இங்க ஒரு விதவைகூடக் குடும்பம் நடத்தலையா?” என்றாள். முந்தின நாள் வரை அந்த வரியை அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. மோகன் எத்தனையோ தடவை பார்த்திருந்தான். அந்தச் சுழி அவனை உறுத்தவில்லை. ஈர பேன்ட்டோடு அவன் படகுக்குத் திரும்பி வந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். பெட்டி கட்டியதை இருவருமே மறந்துபோனார்கள்.

தேசப்பனிடம் போய்க் கேட்டோம். அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க ஒன்றுமில்லை என்றே நினைத்தார். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று அந்த ஊர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அந்த ஊரில் கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு பாடு. அவன் இறந்து, தொழிலுக்குப் போகும் வயதில் மகனும் இல்லையென்றால் அந்தப் பாடு ஊருக்குத் திரும்பிவிடும்.

“நீங்க வூடு எத்தினினு கேட்டீங்க, காட்டினேன். பாடு இல்லாத வூட்ட இன்னானு சொல்லி எண்றது? அந்தப் பொம்பளைங்க ஊரோரமா இருக்காங்க. நாங்க ஒண்ணும் தொரத்தல. ஆனா கணக்குல வராது” என்றார்.

டாக்டர் அல்லவா, முதலில் மோகனுக்குத்தான் புரிந்தது. காசநோய் ஒரு வீட்டில் நுழைந்து ஆணைக் கொல்கிறது. அவன் போனதும் அந்த வீடு எண்ணிக்கையிலிருந்து விழுந்துவிடுகிறது. அதே நோயோடு இருமிக்கொண்டிருக்கும் பெண்ணும் பிள்ளைகளும் அந்த வீட்டோடு காணாமல் போகிறார்கள். எவ்வளவு பேரை நோய் கொல்கிறதோ அவ்வளவுக்கு ஊர் ஆரோக்கியமாகத் தெரியும். நாங்கள் அந்த அட்டவணையைத்தான் அதிகாரியிடம் கொடுக்க இருந்தோம்.

மறுநாளே அதிகாரி வந்துவிட்டார். கெட்டவர் அல்ல. ஒரு படகை வைத்துக்கொண்டு ஏரி முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டிய மனிதர்.

“எனக்கு முடிவு வேணும்மா. மழை வந்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது” என்று கையை நீட்டினார்.

கற்பகம் என் காதில், விதவை வீடுகள் எல்லாவற்றிலும் நோய் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றாள். மோகன், அட்டவணையைக் கொடுத்துவிட்டு அடியில் ஒரு குறிப்புப் போடலாம் என்றான். இரண்டுமே என்னை இழுத்தன, பொய் சொல்லவில்லை. அவள் சொன்னபடி செய்தால் படகு தீவு ஊரை விட்டுப் போகாது. ஆனால் நாங்கள் பார்க்காததைப் பார்த்ததாக எழுத வேண்டும். அது உண்மையாக இல்லாவிட்டால் வடகோடி ஊரில் யாரோ ஒரு அஞ்சலை சாவாள். அவன் சொன்னதைச் செய்தால் எங்கள் பெயர் கெடாது. ஆனால் அடிக்குறிப்பைப் படித்து யாரும் ஒரு படகை மாற்றாமல் விட்டதில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இன்னும் எண்ணி முடியவில்லை, இதைத் தரமாட்டேன் என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் தேசப்பன் சொன்னதைச் சொன்னேன். அடுத்த வாரம் வருவேன், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

விதவை வீடுகளைப் போய் எண்ணிச் சளி எடுத்தால் போதும், வேலை முடிந்தது என்று நினைத்தோம். அஞ்சலை குப்பியை வாங்க மறுத்துவிட்டாள்.

“எங்க வூட்டுங்களுக்கு மட்டும் டப்பியத் தூக்கினு வந்தா ஊருக்கே தெரிஞ்சிடும். படகு வரும், சரி. என் எறாவ யாரு வாங்குவா? ஒனக்கு நம்பரு வேணும்னா என்னியக் காட்டிக் குடுப்பியாம்மா?”

அவளை எண்ணாவிட்டால் படகு போய்விடும். எண்ணினால் பிழைப்பு போய்விடும். உங்கள் வேலையில் இப்படி ஒரு நாள் கட்டாயம் வரும். நம் ஆய்வு நல்லதற்குத்தானே என்று சொல்லி அவளை வற்புறுத்தத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். அவள் பயம் எங்கள் ஆய்வுக்குத் தடை அல்ல. அந்தப் பயமும் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

அன்று மாலை மோகனும் கற்பகமும் ஒரே தாளில் குனிந்து உட்கார்ந்து வழி கண்டுபிடித்தார்கள். இருமல் உண்டா என்று யாரையும் கேட்கப்போவதில்லை. ஊரிலுள்ள பெரியவர்கள் எல்லோருமே சளி கொடுக்க வேண்டும், தலைக்கட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். எல்லோர் கையிலும் குப்பி இருந்தால் யார் கைக் குப்பியையும் யாரும் பார்க்கமாட்டார்கள். அவளுடைய பயத்தைக் கேட்டதால் அவனுடைய எண்ணிக்கை மாறியது. ஆனால் ஊரைத் தொடங்கி வைக்க ஒருவர் வேண்டுமே. இருவரும் தேசப்பனிடம் போனார்கள்.

“நானா? எனக்கு இன்னா நோயி?”

“நோய்னு சொல்லலைங்கய்யா. நீங்க துப்பினா ஊரே துப்பும்” என்றாள் கற்பகம்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் ஊர் கூடியிருந்த இடத்தில், எல்லோரும் பார்க்க, தன் குப்பியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். மறுநாள் காலை எழுந்ததும் கிழவர்களும் மருமகள்களும் ஆளுக்கொரு குப்பியோடு வரிசையில் நின்றார்கள். அஞ்சலை நடுவில் எங்கேயோ நின்றாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிவு வந்தது. ஊரோரத்து வீடுகளில் நாங்கள் பயந்ததைவிட நோய் நிறைய இருந்தது. கற்பகம் எழுதச் சொன்னது போல எல்லா வீட்டிலும் இல்லை. அதையும் அவள் எழுதினாள். வடகோடி ஊரிலும் இதே தப்பு நடந்திருக்குமோ என்று மோகன் ஓடிப்போய் அங்கேயும் விதவை வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தான். அங்கே ஊர்க்காரர்கள் ஒரு அடுப்புக்கு ஒரு வீடு என்று காட்டியிருந்தார்கள், யாரும் விடுபடவில்லை. சேர்த்துப் பார்த்தால் தீவு ஊரில்தான் நோய் அதிகம். அதிகாரி அட்டவணையையும் படித்தார், கற்பகத்தின் பக்கங்களையும் படித்தார். படகு தீவு ஊருக்கே தொடர்ந்து போனது. வடகோடி ஊருக்கு இன்னொரு படகு கேட்டு எழுதுவதாகச் சொல்லி, சொன்னபடி எழுதினார்.

கிருமி இருந்த குப்பிகளில் ஒன்று தேசப்பனுடையது.

மோகன்தான் போய்ச் சொன்னான். சுருட்டுக் கமறல் என்று அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்ட கை அல்லவா, வேறு யாரையும் அனுப்ப அவன் சம்மதிக்கவில்லை. தேசப்பன், “அடுத்த வாரம் என் பாடு வருது” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதன் அர்த்தம் எங்களுக்குப் பிறகுதான் முழுதாகப் புரிந்தது. படகு வாரத்தில் குறிப்பிட்ட கிழமைகளில் வரும். பாடு கிழமை பார்த்து வருவதில்லை, ஆளாளுக்குச் சுற்றிக்கொண்டே வரும். பாடு வரும் நாளில் வலை போடாத ஆணை அந்த ஊர் ஆணாகவே மதிக்காது. ஊசி நாளும் பாடு வரும் நாளும் மோதியபோதெல்லாம் அவர் ஏரிக்குத்தான் போனார். இருமல் தணிந்ததும் ஊசியை அடியோடு விட்டுவிட்டார். பாடு முறையைப் பார்த்துப் படகின் நாளை வைக்க வேண்டும் என்று கற்பகம் எழுதிக் கொடுத்தாள். ஊசி தவறிய நாட்களை அடுக்கி மோகன் பக்கத்தில் ஒரு அட்டவணை போட்டான். இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்திட்ட முதல் தாள் அது. அது மேசை மேசையாக நகர்ந்து உத்தரவாக வந்தபோது தேசப்பன் உயிரோடு இல்லை. பாடே இல்லாத அஞ்சலைக்கு ஒரு ஊசி நாள்கூடத் தவறவில்லை.

அடுத்த வருடம் பயிற்சிக்கு வந்த புதியவர்களோடு அதே ஊருக்குப் போனேன். போகுமுன்னே அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருந்தேன். கவனமான பிள்ளைகள். புதிய பஞ்சாயத்துக்காரர் காட்டிய தலைக்கட்டு வீடுகளை எண்ணினார்கள். பிறகு அவர்களாகவே ஊரோரத்துக்குப் போய் விதவை வீடுகளையும் எண்ணினார்கள். பெண் தலைவர் என்ற கட்டத்தில் இந்த முறை சுழி இல்லை. தாளை என்னிடம் பெருமையோடு காட்டினார்கள். நாங்கள் படகில் ஏறப்போகும் நேரத்தில் அஞ்சலை இறால் கூடையோடு துறைக்கு வந்தாள். கன்னத்தில் சதை போட்டிருந்தாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வூட்ட வுட்டுட்டீங்கம்மா” என்றாள்.

அவளே முன்னால் நடந்தாள். ஊரோரத்துக்குப் போகவில்லை. தெருவின் நடுவில் போய் நின்றாள். தேசப்பனின் வீடு. கதவு நிலையில் போன வருடத்து எண் பாதி அழிந்து கிடந்தது. பிள்ளைகள் விழித்தார்கள். அது பக்கத்து வீட்டிலிருக்கும் தேசப்பனுடைய அண்ணனின் தலைக்கட்டோடு சேர்ந்துவிட்டது என்று பஞ்சாயத்துக்காரர் சொல்லியிருக்கிறார். விதவை என்றால் ஊரோரத்தில் இருப்பாள் என்று நான் சொன்ன கதையிலிருந்து அவர்கள் பாடம் படித்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்த பாடத்தையே அவர்கள் இன்னொரு கட்டமாகப் போட்டுக்கொண்டார்கள்.

கன்னியம்மா வெளியே வந்தாள். போன வருடம் பார்த்த உடம்பு அல்ல. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

“மூத்தாரு வூட்டோட சேத்துட்டோம்னு சொல்றாங்க. ஆனா சோத்துக்கு ஒல தனியாத்தான் வெக்கிறேன்” என்றாள், தப்புச் செய்துவிட்டவள் போல.

அஞ்சலை, பயிற்சிக்கு வந்த ஒரு பையனின் கையிலிருந்த சாக்பீஸைக் காட்டினாள். “அவங்களும் இப்போ எங்கள மாதிரிதான். நம்பரு போடு தம்பி. டப்பியும் ஒண்ணு குடு.”

அவன் பழைய எண்ணைக் கையால் துடைத்துவிட்டு, எந்த இடத்தில் எழுதட்டும் என்று கேட்டான். கன்னியம்மா குப்பியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“எங்கனா போடுப்பா. பெருசா வாணாம். இருக்கோம்னு தெரிஞ்சா போதும்.”